சல்லி சேர்க்க முன்னர் ஒரு டெஸ்ட் பேஜ் எடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு ப்ளேன்டீயை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள். வாசித்துவிட்டு ஏசுவதென்றால் ஏசுங்கள். வாசிக்காமல் ஷெயார் பண்ண மட்டும் வேண்டாம்.

ருவான்வெல்லையிலும் சுற்று ஊர்களிலும் ஓடுகிற வட்ஸ்அப் குழுக்களில் கிட்டடியில் ஒரே மாதிரியான மூன்று வேண்டுகோள்களைக் கண்டோம். "பிரிண்டர் பழுதடைந்துள்ளதால் புதிய பிரிண்டர் ஒன்றைப் பெற்றுத் தருமாறு நலன்விரும்பிகளை அன்புடன் வேண்டுகிறோம்." ஒன்று பாடசாலை, ஒன்று முன்பள்ளி, மற்றது ஒரு சங்கத்தின் காரியாலயம். மூன்றையும் விசாரித்துப் பார்த்தோம். மூன்று பிரிண்டரும் முதல் நாள் வரை ஒழுங்காக அச்சடித்திருக்கின்றன. கணினிக்கு விண்டோஸ் மாற்றினார்கள். மறுநாள் பிரிண்டர் "பழுது".

பழுதானது எது என்று யாரும் கேட்கவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடையில் ஒரு தம்பி கேபிளைக் குத்திப் பார்த்துவிட்டு, "மேக்க இவரய் சேர்" என்றார். முடிந்தது. தமிழில் கேட்டாலும் அதே பதில்தான்: "இதுக்கு ட்ரைவர் இல்ல சேர், புதிசு ஒன்டு எடுத்தாத்தான் சரிவரும்." அந்த ஒரு வசனத்தை நம்பி ஒரு ஊரே சல்லி சேர்க்கத் தொடங்குகிறது. எங்கள் சண்டை அந்த வசனத்தோடுதான்.

ட்ரைவர் இல்லை என்பது வேறு, பிரிண்டர் இல்லை என்பது வேறு. பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோமே, அதுதான் விண்டோஸ், லினக்ஸ் எல்லாம். அதற்கும் பிரிண்டருக்கும் ஒரே பாஷை இல்லை. நடுவில் நின்று மொழிபெயர்க்கிற ஒரு சின்ன மென்பொருள்தான் ட்ரைவர். நமது பக்கத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. தோட்டத்தில் துரை இங்கிலீஷில் சொல்வார். கங்காணி அதைத் தமிழில் சொல்வார். வேலை நடக்கும். பழைய துரை மாறிப் புதுத் துரை வந்தார், பழைய கங்காணியைக் கேட்டுக்குள் எடுக்கமாட்டேன் என்கிறார். இப்போது வேலை நின்றுவிட்டது. அதற்காகப் பால் வெட்டுகிற ஆளின் கை முறிந்துவிட்டது என்று சொல்வீர்களா?

அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பிரச்சினை ஏன் இப்போது ஊர் ஊராக வருகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. அதற்கு முன்னரே 2020 ஜனவரி 14 இல் விண்டோஸ் 7 க்கும் அப்படி நடந்தது. ஆனால் நமது பாடசாலைக் கணினிகள் அந்தத் திகதியை எல்லாம் கணக்கெடுக்கவில்லை, 7 இலேயே ஓடின. இப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பயம் வந்து, கணினிகளைத் தூக்கிக்கொண்டு போய் மாற்றுகிறார்கள். விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டும் வருவது. நம்மிடம் இருந்த பழைய விண்டோஸ்கள் பெரும்பாலும் 32 பிட். 32 பிட்டுக்கு எழுதிய ட்ரைவர் 64 பிட்டில் ஏறவே ஏறாது. பிரிண்டர் கம்பனி 64 பிட்டுக்கு ஒன்று எழுதித் தந்திருக்க வேண்டும். எழுதாவிட்டால் நல்ல மெஷின் மேசை மேல் சும்மா கிடக்கும்.

இதற்கு உலகறிந்த உதாரணங்கள் இருக்கின்றன. கெனன் எல்.பி.பி. 1120 என்ற சிறிய லேசருக்கு 64 பிட் விண்டோஸ் ட்ரைவர் வரவே இல்லை. இன்றைக்கும் அச்சடிக்கத் தெம்புள்ள மெஷின் அது. எச்.பி. லேசர்ஜெட் 1010 க்கும் புதிய விண்டோஸ்களில் நேரடி வழி இல்லை. ஆனால் உலகம் முழுக்கப் பாவனையாளர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். அதே கம்பனியின் 3055 என்ற வேறொரு மொடலின் பி.சி.எல். 5 ட்ரைவரைத் தெரிவுசெய்தால் 1010 அச்சடிக்கிறது. கங்காணி வேறு, ஆனால் பேசுகிற பாஷை ஒன்று. கம்பனி சொல்லித் தரவில்லை, பாவனையாளர்களே தேடி எடுத்தார்கள்.

மலிவான லேசர் பிரிண்டர்களில் இந்த நோய் ஏன் அதிகம் என்றும் சொல்லிவிடுகிறோம், வாங்கும்போது உதவும். 1980 களில் வந்த நல்ல லேசர்களுக்குள்ளே பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று ஒரு பாஷை இருந்தது. கணினி "இந்த இடத்தில் இந்த எழுத்து" என்று சொன்னால் போதும், பக்கத்தைப் பிரிண்டரே தயாரித்துக்கொள்ளும். பிறகு விலையைக் குறைக்க வேண்டும் என்று கம்பனிகள் பிரிண்டருக்குள் இருந்த மூளையைக் கழற்றிவிட்டன. பக்கத்தைப் புள்ளி புள்ளியாகத் தயாரிக்கிற வேலை முழுவதையும் கணினியின் தலையில் போட்டன. எச்.பி. லேசர்ஜெட் 1020 இதற்கு நல்ல உதாரணம். அதை இயக்கத் தேவையான உள்மென்பொருள்கூட அதற்குள் நிரந்தரமாக இருப்பதில்லை. கரண்ட் போய் வந்தால் மறுபடி கணினிதான் அனுப்ப வேண்டும். அப்படியானால் நாம் கடையில் சல்லி கொடுத்து வாங்கியது முழுப் பிரிண்டர் அல்ல, அரைவாசி. மற்ற அரைவாசி ட்ரைவர் என்ற பெயரில் கம்பனியின் கையில் இருக்கிறது. அதை எப்போது நிறுத்துவது என்பதும் அவர்கள் முடிவு. பெட்டிக்கு வெளியே இதை எழுதுகிறார்களா? "இந்தப் பொருளின் அரைவாசி எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம்" என்று ஒரு வரி போட்டால் எத்தனை பேர் வாங்குவோம்?

எங்கள் ஆசிரியர் அறையில் நடந்ததையும் சொல்கிறோம். கம்பனி பெயரும் கடைப் பெயரும் இங்கே தேவையில்லை. பழைய மாணவர்கள் எடுத்துத் தந்த கறுப்பு வெள்ளை லேசர் ஒன்று. இரண்டாம் தவணைப் பரீட்சைக்குக் கொஞ்ச நாட்கள் இருக்கும்போது கணினிக்கு விண்டோஸ் மாற்றப்பட்டு வந்தது. பிரிண்டர் கண் திறக்கவில்லை. கடையில் அதே "இவரய்". பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று சேர்ப்போமா என்ற கதையும் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேர் ஒரு பின்னேரம் உட்கார்ந்தோம். முதலில் கணினியைக் கழற்றிவிட்டு, பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்தோம். பளிச்சென்று டெஸ்ட் பேஜ் வந்தது. ரோலரும் டோனரும் சூடும் எல்லாம் சரி. பிறகு கம்பனியின் சொந்த இணையத்தளத்தில் மொடல் இலக்கத்தைப் போட்டுத் தேடினோம். விண்டோஸ் 11 க்கு ஒன்றும் இல்லை. பழைய விண்டோஸ் பதிப்பைத் தெரிவுசெய்து பார்த்தால், 64 பிட் ட்ரைவர் அங்கேயே இருக்கிறது. அதை இறக்கி ஏற்றினோம். ஏறியது, ஆனாலும் அச்சு வரவில்லை. காரணம் போர்ட். விண்டோஸ் பிரிண்டரை வேறொரு போர்ட்டில் கட்டிவைத்திருந்தது. யூ.எஸ்.பி. 001 என்று மாற்றினோம். வரிசையில் சிக்கிக் கிடந்த பத்துப் பதினைந்து பக்கங்களும் மளமளவென்று வெளியே வந்தன. வேலை ஒரு மணித்தியாலம்கூட இல்லை. செலவு டேட்டாவுக்கு மட்டும்.

இந்தக் கதையைச் சொல்வது எங்களுக்கு ஏதோ பெரிய வித்தை தெரியும் என்று காட்ட அல்ல. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்த பிள்ளை ஒன்று செய்யக்கூடிய வேலை இது. அதற்குத்தான் ஊரில் சல்லி சேர்க்க வெளிக்கிட்டோம்.

யாருடைய சல்லி என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். எங்கள் வகுப்புகளில் கடைக்காரர் பிள்ளையும் இருக்கிறது, ஓட்டோ ஓடுகிறவர் பிள்ளையும் இருக்கிறது, லயத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளையும் இருக்கிறது. ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆக வேண்டும் என்று தோட்டத்து மக்கள் எத்தனை வருடம் ரோட்டில் நின்றார்கள்? 2021 இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அந்தத் தாயிடம் போய் "பிரிண்டருக்கு ஐநூறு தாங்கோ" என்று கேட்கிறோம். அவர் ஏன் என்று கேட்கமாட்டார். சேர்மார் கேட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று தருவார். அந்த நம்பிக்கைக்காவது ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்துப் பார்க்க வேண்டாமா?

சேர்க்காவிட்டால் என்ன நடக்கும் என்றும் தெரியும். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஒன்பது பாடங்கள், பாடத்துக்கு நான்கு பக்கம் என்று வையுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு தவணைக்கு 1,440 பக்கம். பிரிண்டர் இல்லையென்றால் இது முழுவதும் வெளியில் போட்டோ கொப்பி. அதையும் பெற்றார்தான் கட்டுவார்கள். இல்லாவிட்டால் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் பரீட்சை வைப்போம், படம் போட வேண்டிய விஞ்ஞானக் கேள்வியை விட்டுவிடுவோம். நட்டம் பிள்ளைக்கு. ஆகவே "பிரிண்டர் ஒரு ஆடம்பரம், இல்லாமலும் படிப்பிக்கலாம்" என்று சொல்ல வருகிற பெரியவர்களுக்கும் இதுதான் பதில். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போனதை மறந்துவிட்டோமா? டொலர் இல்லாமல் நாடு நின்ற காலம் அது. ஒவ்வொரு புதுப் பிரிண்டரும் டொலரில் வருகிற சாமான். நல்லதை எறிந்துவிட்டு இன்னொன்று இறக்குவது வீட்டுக்கும் நட்டம், நாட்டுக்கும் நட்டம்.

இனி, அன்பளிப்பு செய்கிறவர்களிடம் ஒரு கதை. கோபிக்க வேண்டாம். உங்கள் நிய்யத்தில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பல இடங்களில் ஸ்டோர் ரூமைத் திறந்து பாருங்கள். "அன்பளிப்பு" என்று ஸ்டிக்கர் ஒட்டிய பிரிண்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையளிப்பு விழா நடந்திருக்கும், பேஸ்புக்கில் போட்டோவும் இருக்கும். டோனர் வாங்கித் தருகிறோம் என்று எவரும் வருவதில்லை, ஏனென்றால் டோனரைக் கையளிக்கிற போட்டோ அழகாக இருக்காது. ட்ரைவர் ஏற்றிக்கொடுத்த தம்பிக்குப் பொன்னாடை போர்த்தியதையும் நாங்கள் கண்டதில்லை. ஸதகாவாக வந்த பொருள் ஒரு அமானிதம். அது வேலை செய்யும் நிலையில் இருக்கும்போதே மூலையில் போட்டுவிட்டு, அதே தேவைக்கு இன்னொருவரிடம் கை நீட்டுவதை என்னவென்று சொல்வது? வீண்விரயம் பற்றி ஜும்ஆவில் கேட்கிறோம். அது சஹனில் மிஞ்சுகிற சோற்றுக்கு மட்டும் சொன்னது இல்லையே.

கடைக்காரத் தம்பிமாரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போகவும் நாங்கள் தயாரில்லை. அவர்களின் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. பொருத்தமான ட்ரைவரைத் தேடி எடுத்து, போர்ட்டைத் திருத்தி, நிற்கிற வரிசையைத் துப்புரவாக்க ஒரு மணித்தியாலம் போகும். அதற்கு ஆயிரம் ரூபாய் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "என்ன தம்பி, சும்மா ரெண்டு க்ளிக் தானே!" பெட்டி ஒன்று விற்றால் மறுபேச்சில்லாமல் முப்பதாயிரம் நாற்பதாயிரம் கொடுக்கிறோம். பொருளுக்குக் கொடுக்க மனம் வருகிறது, அறிவுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. அவர் பெட்டியை விற்காமல் என்ன செய்வார்? ஆகவே எங்கள் கோரிக்கை இது: கடைக்குப் போகும்போதே "திருத்திப் பார்ப்பதற்குக் கூலி தருவோம், சரிவராவிட்டாலும் தருவோம், ஆனால் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று பில்லில் எழுதித் தாங்கோ" என்று சொல்லுங்கள். பாதிப் பிரிண்டர்கள் அங்கேயே உயிர்த்தெழும்.

களவு விண்டோஸ் கதையையும் சொல்ல வேண்டும். கடைகளில் ஏற்றுகிற விண்டோஸ்களில் சில, பழைய கணினியில் வேகமாக ஓட வேண்டும் என்று யாரோ வெட்டிச் சுருக்கியவை. "லைட்" என்று பெயர். அச்சுக்குரிய சேவையையே வெட்டிவிட்ட பதிப்புகளும் அதில் உண்டு. அப்படியானதை ஏற்றிவிட்டுப் பிரிண்டரைக் குற்றம் சொன்னால் பிரிண்டர் என்ன செய்யும்? பிள்ளைகளுக்குப் பார்த்தெழுதுவது களவு என்று சொல்கிற நாங்கள், களவு மென்பொருள் ஓடுகிற கணினியில் அந்த வினாத்தாளைத் தயாரிப்பதும் ஒரு வெட்கம்தான். அது தனிப் பதிவுக்குரிய விடயம், இங்கே விடுகிறோம்.

"பாதுகாப்புக்காகத்தானே பழைய ட்ரைவர்களை நிறுத்துகிறார்கள்" என்று கணினி தெரிந்த ஒருவர் கட்டாயம் கொமென்ட் போடுவார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. 2021 இல் பிரிண்ட்நைட்மேயர் என்று ஒரு ஓட்டை வெளிவந்தது. விண்டோஸின் அச்சு வரிசைச் சேவை வழியாக ஒருவர் கணினி முழுவதையும் கையில் எடுக்க முடிந்தது. 2010 இல் ஈரானின் அணு நிலையத்தைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட்டும் பரவுவதற்கு இதே சேவையில் இருந்த ஒரு ஓட்டையைப் பாவித்தது. ஆகவே ட்ரைவர்களைக் குறைக்க வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட் நினைப்பது பிழை என்று நாங்கள் சொல்லமாட்டோம். 2023 செப்டெம்பரில் அவர்கள் அறிவித்ததும் அதுதான்: பிரிண்டர் கம்பனிகளின் தனித்தனி ட்ரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாகக் குறைப்பது. ஆனால் அதை "இனிப் பழைய பிரிண்டர் ஒன்றும் வேலை செய்யாது" என்று ஊரில் பரப்புவது பொய். கம்பனியின் தளத்திலிருந்து ட்ரைவரை இறக்கி ஏற்றுவதற்கு அந்த அறிவிப்பு தடை போடவில்லை. மற்றது, பாதுகாப்பு அவ்வளவு முக்கியம் என்றால், கைவிட்ட மொடல்களின் ட்ரைவர் மூலநிரலைத் திறந்துவிடுங்களேன். உங்களுக்கு இனி அதில் இலாபம் இல்லை. தெரிந்தவர்கள் திருத்திப் பாவிக்கட்டும். அதைச் செய்யமாட்டார்கள்.

செய்யமாட்டார்கள் என்பதற்கு நாற்பது வருடத்துக்கும் மேற்பட்ட சாட்சி இருக்கிறது. 1980 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடம் ஒன்றுக்கு ஜெரொக்ஸ் கம்பனி லேசர் பிரிண்டர் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தது. அடிக்கடி கடதாசி சிக்கும். அங்கே வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், முந்திய பிரிண்டரின் மென்பொருளைத் தானே திருத்தி, கடதாசி சிக்கினால் காத்திருக்கிறவர்களின் கணினிக்குத் தகவல் போகிற மாதிரி செய்து வைத்திருந்தார். புதியதிலும் அதையே செய்யப் பார்த்தார். மூலநிரலைத் தரவில்லை. அது வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று கம்பனியோடு ஒப்பந்தம் செய்திருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த ஆத்திரத்தின் தொடர்ச்சிதான் 1983 செப்டெம்பரில் ஸ்டோல்மன் அறிவித்த க்னூ திட்டம். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதிச் சேர்த்ததும், இன்று உலகம் முழுக்க ஓடுகிற கட்டற்ற மென்பொருள் ஒரு முழு முறைமையாக வந்தது. ருவான்வெல்லையில் நாம் படுகிற அதே ட்ரைவர் பிரச்சினை, அங்கே ஒரு மனிதர் "முடிந்தது" என்ற பதிலை ஏற்காததால் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

தூர தேசம் வேண்டாம், கேரளாவைப் பாருங்கள். அங்கே அரசாங்கம் 2001 இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பாடசாலைக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்களே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2018 இல் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் கழகங்களும் வந்தன. நம் நாட்டிலும் ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு ஹந்தானை லினக்ஸ் என்று ஒன்று வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்காக இங்கே எழுதிய சஹானா மென்பொருளை வெளிநாடுகளும் எடுத்துப் பாவித்தன. ஆளில்லாத நாடு இல்லை இது.

லினக்ஸ் போட்டால் எல்லாப் பிரிண்டரும் ஓடும் என்று நாங்கள் பொய் சொல்லவில்லை. சில கம்பனிகளின் சிறிய லேசர்கள் லினக்ஸில் விண்டோஸை விடப் பெரிய தலையிடி. ஆனால் விண்டோஸ் கைவிட்ட பழைய மொடல்கள் பலவற்றை லினக்ஸ் இன்னமும் வைத்திருக்கிறது. அதில் ஒரு வசதியும் உண்டு, இதைப் பாடசாலைகள் கவனியுங்கள். எறிய வைத்திருக்கிற பழைய கணினி ஒன்றில் லினக்ஸைப் போட்டு, பழைய பிரிண்டரை அதில் கட்டி, 1999 இல் வந்த கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் வழியாக நெட்வேர்க்கில் பகிர்ந்துவிட்டால், புதிய விண்டோஸ் கணினிகளும் போன்களும் கம்பனி ட்ரைவர் இல்லாமலே அதற்கு அனுப்பலாம். மொழிபெயர்க்கிற வேலையைப் பழைய கணினி பார்த்துக்கொள்ளும். அதற்கும் வசதி இல்லாவிட்டால், பழைய விண்டோஸ் உள்ள ஒரு கணினியை இன்டர்நெட் கொடுக்காமல் அச்சுக்கு மட்டும் ஒதுக்குங்கள். வினாத்தாளைப் பி.டி.எஃப். ஆக்கிப் பென் ட்ரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். நாகரிகமாக இருக்காது. வேலை நடக்கும்.

பிரிண்டர் நின்றதும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, எங்கள் அனுபவ வரிசை. கணினியைக் கழற்றிவிட்டு டெஸ்ட் பேஜ் எடுங்கள். ஸ்கேனரோடு வருகிற மொடல் என்றால் ஒரு போட்டோ கொப்பி அடித்துப் பாருங்கள். வந்தால் மெஷின் நலம், மிச்சக் கதை முழுவதும் கணினிப் பக்கம். செட்டிங்ஸில் போய் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். ட்ரைவரைக் கம்பனியின் தளத்தில் மட்டும் எடுங்கள். கூகுளில் முதலில் வருகிற "ட்ரைவர் டவுன்லோட்" தளங்கள் பல, வேண்டாத சாமான்களை உள்ளே இறக்குகிற பொறிகள். 11 க்கு இல்லையென்றால் 10, 8, 7 என்று கீழே இறங்கி 64 பிட் உள்ளதைத் தேடுங்கள். ஏற்றும்போது கேபிளை முதலே குத்த வேண்டாம், அது கேட்கும்போது குத்துங்கள். ஒரே பிரிண்டர் "கொப்பி 1", "கொப்பி 2" என்று இரண்டு மூன்றாகத் தெரிந்தால் பழையவற்றை அழித்துவிட்டுப் போர்ட்டைப் பாருங்கள். வரிசை சிக்கி நின்றால் ஸ்பூலர் என்ற சேவையை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. விண்டோஸ் மாற்றியபின் வினாத்தாள் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக அச்சாகிறது என்றால், அது பிரிண்டரும் இல்லை, ட்ரைவரும் இல்லை. நீங்கள் பாமினியில் தட்டியிருக்கிறீர்கள், புதிய விண்டோஸில் பாமினி எழுத்துரு இல்லை. எழுத்துருவை ஏற்றினால் சரி. இதற்காகவும் ஒருவர் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு அவிசாவளை வரை போய் வந்திருக்கிறார். புதிய வினாத்தாள்களையாவது யுனிகோடில் தட்டப் பழகுங்கள், அடுத்த முறை விண்டோஸ் மாறும்போது இந்தக் கூத்து இருக்காது.

இவ்வளவும் பார்த்து, உண்மையிலேயே மெஷின் முடிந்துவிட்டால் புதியது வாங்கத்தான் வேண்டும். அப்போது விலையை மட்டும் பார்க்காமல் பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அப்படிப்பட்டவை கம்பனிக்கென்று தனி ட்ரைவர் இல்லாமலே அச்சடிக்கக்கூடியவை. நாளைக்கு விண்டோஸ் மாறினாலும் அவற்றின் பாஷை பொதுப் பாஷை. கொஞ்சம் விலை கூட இருக்கலாம். விண்டோஸ் மாறுகிற நேரமெல்லாம் ஊரில் கை நீட்டுவதை விட அது மலிவு.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரே கோரிக்கை: பிரிண்டருக்கென்று சல்லி கேட்டு எவர் கடிதம் கொடுத்தாலும், அந்தக் கடிதத்தோடு பிரிண்டரின் மொடல் இலக்கத்தையும், கணினியில்லாமல் எடுத்த டெஸ்ட் பேஜ் வந்ததா இல்லையா என்பதையும் எழுதிக் கேளுங்கள். டெஸ்ட் பேஜ் வந்திருந்தால் ஒரு சதமும் சேர்க்க வேண்டாம். கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

ஸ்டோர் ரூமில் கிடப்பவற்றை வெளியே எடுக்க விரும்பும் பாடசாலைகள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நாங்கள் இருக்கிறோம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளைகள் சிலரும் வருவார்கள். கூலி வேண்டாம். மொடல் இலக்கத்தை முன்கூட்டியே அனுப்பினால் ட்ரைவரை இறக்கி வைத்திருப்போம். பிரிண்டரோடு பவர் கோடையும் யூ.எஸ்.பி. கேபிளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள், பத்து வெள்ளைக் கடதாசியும்.